ஆளுக்கொரு ஊசி

கேட் சாத்தியிருக்கும்போது வந்து நிற்பவர்கள் ஆளுக்கொரு ஊசியில் நூல் கோத்துக் கொடுக்க வேண்டும். ரயில்வே சட்டத்தில் எங்கும் இப்படி எழுதியிருக்கவில்லை. பொம்மிடியிலிருந்து எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போகிற மண்சாலையில், தண்டவாளத்தின் குறுக்கே இருந்த அந்த லெவல் கிராசிங்கில் மட்டும் அதுதான் சட்டம். போட்டவர் அங்கிருந்த கேட் கீப்பர். மேல்முறையீடு கிடையாது.

நான் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு டீச்சராக வந்தது அறுபத்தேழிலோ அறுபத்தெட்டிலோ. வீடு தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், பள்ளிக்கூடம் அந்தப் பக்கம், நடுவில் இவர். ஐம்பதைத் தாண்டிய ஒல்லி மனிதர். காக்கிச் சட்டை போட்டு, தலையில் வெள்ளைத் துண்டைப் பாகையாகச் சுற்றியிருப்பார். பாகையின் ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு ஊசிகள் வரிசையாகச் செருகியிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு முழ நூல் தொங்கும். காற்றடித்தால் நூலெல்லாம் முகத்தில் விழும். அவர் அதை வாயால் ஊதி ஊதித் தள்ளிக்கொண்டே பேசுவார். ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கேட்காரர் என்பார்கள். நான் அண்ணா என்பேன். அதுவும் முதல் வருஷம் இல்லை.

ரயில் இல்லாத நேரத்தில் அவர் ஒட்டுத் துப்பட்டி தைப்பார். பழைய வேட்டிகளை நாலு மடிப்பாக விரித்து, மேலே கடைத்தெருத் தையல்கடை பாய் கொடுக்கிற வெட்டுத்துணிகளைச் சதுரம் சதுரமாக வைத்து, ஓரத்திலிருந்து ஓட்டுத் தையலாக ஓட்டிக்கொண்டே போவார். முதலில் கூட்ஸ் ஷெட்டில் கோணி தைக்கிற வேலையாம். கிழிந்த மூட்டையைத் தைத்துத் தைத்து ஊசி கையோடு ஒட்டிக்கொண்டது, கோணி போய்த் துணி வந்தது என்பார். தைத்ததை விற்கமாட்டார். கேட்டவர்களுக்குக் கொடுப்பார். கேட்காதவர்களுக்கும் கொடுப்பார். மலையடிவாரத்துக் குளிருக்கு அந்தச் சாலையில் போகிற பாதி வீடுகளில் அவருடைய துப்பட்டிதான்.

வேலையில் குறை சொல்ல முடியாது. ஸ்டேஷனிலிருந்து போன் மணி அடித்ததும் ஊசி பாகைக்கு ஏறும், கேட் சாத்தப்படும், சங்கிலி பூட்டப்படும். அதற்குப் பிறகு ரயில் வருகிறவரை இருக்கிற நேரம்தான் அவருடைய நேரம். அதை நிமிஷத்தில் சொல்லமாட்டார். "பாசஞ்சரா? இன்னும் ரெண்டு வரிசை இருக்குது." "கூட்ஸு, அது வர்றதுக்குள்ள நாலு சதுரம் முடிச்சிருவேன்." எஞ்சின் புகை தெரிந்ததும் துணியை மடித்து வைத்துவிட்டு, கொடியை நீட்டிக்கொண்டு விறைப்பாக நிற்பார்.

முதல் நாளே என்னிடம் ஊசியை நீட்டினார்.

"டீச்சரம்மா, சும்மாதான நிக்கறீங்க. இதக் கொஞ்சம் கோத்துக் குடுங்க."

"எனக்கு நேரமில்லைங்க."

கேட் பூட்டியிருக்கிறது. ரயில் வந்து போகிறவரை நான் எங்கேயும் போக முடியாது. அந்த நிலைமையில் நின்றுகொண்டு நேரமில்லை என்று சொன்ன ஒரே ஆள் நான்தான் என்று பின்னால் பல வருஷம் சொல்லிக் காட்டினார்.

அவருக்குக் கிட்டப் பார்வை போய்விட்டிருந்தது. ஊசியின் காது தெரியாது. தைக்கும்போது பார்த்துத் தைப்பதில்லை, விரல் தடவித்தான் தைப்பார். கண்ணாடி போட்டுக்கொள்ளலாமே என்றால் பதறிப்போவார். "கண்ணாடி போட்டேன்னு வெச்சுக்குங்க, கேட்காரனுக்குக் கண்ணு போச்சுன்னு எழுதிருவாங்க. தூரமா இருக்கறது எனக்கு நல்லாத் தெரியுதுங்க. ரயிலு தூரத்துல இருந்துதான வருது?"

அதனால்தான் ஆளுக்கொரு ஊசி. புளி மூட்டை ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வருகிற வண்டிக்காரர் கோப்பார். தயிர்க்கார அம்மா தலையில் கூடையோடு நின்றபடியே கோப்பாள். ஒரு தடவை கல்யாணக் கூட்டம் ஒன்று கேட்டில் மாட்டிக்கொண்டது. இவர் நேராகப் போய் மாப்பிள்ளை கையில் ஊசியைக் கொடுத்தார். மாலையும் கழுத்துமாக இருந்த பையன் முதல் தடவையிலேயே கோத்துவிட்டான். இவர் பெண் வீட்டார் பக்கம் திரும்பி, "கை நடுங்கலீங்க, தைரியமாக் குடுங்க" என்று சத்தமாகச் சொன்னார். இன்னொரு நாள் ஒரு ஜீப்பு நின்றது. உள்ளே பெரிய அதிகாரி ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். டிரைவரிடம் ஒன்று, அதிகாரியிடம் ஒன்று. அதிகாரி முறைத்தார். "பரவாயில்லீங்க, வராதுன்னா விடுங்க" என்றார் இவர். அவ்வளவுதான், அதிகாரிக்கு ரோஷம் வந்துவிட்டது. ரயில் போய், கேட் திறந்து, பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் சத்தம் போடுகிறவரை உட்கார்ந்து கோத்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

ஊசியோடு நிறுத்திக்கொள்ளமாட்டார். "உங்களுக்கு என்னா வரும்?" என்று கேட்பார். இது அவருடைய இரண்டாவது சட்டம். புளி வண்டிக்காரர் ஒன்றும் வராது என்றார். ஒன்றும் வராத மனுஷன் உலகத்தில் கிடையாது என்று பத்து நாள் நச்சரித்தார். கடைசியில் வண்டிக்காரர் சின்ன வயதில் மரத்தில் மாடு செதுக்குவேன் என்று ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து கேட் சாத்தினால் அவர் மடியிலிருந்து கத்தியும் கட்டையும் வெளியே வந்துவிடும். தயிர்க்கார அம்மாவுக்கு ஓலையில் கிலுகிலுப்பை பின்ன வரும். ரயில் போகிற வரைக்கும் பின்னி, போகிற வழியில் கைக்குழந்தை இருக்கிற வீட்டில் கொடுத்துவிட்டுப் போவாள்.

நான் மட்டும் பிடி கொடுக்கவில்லை. டீச்சர் டிரெயினிங்கில் படிக்கும்போது படம் வரைந்து பரிசு வாங்கியவள் நான். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு கோடு போட்டதில்லை. எங்கே நேரம்? விடிந்தால் அடுப்பு, பிறகு பள்ளிக்கூடம், சாயங்காலம் மறுபடி அடுப்பு, நடுவில் இரண்டு பிள்ளைகள், துவைக்கிற துணி, திருத்துகிற நோட்டு. யாராவது படம் வரைவதைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்கு எரிச்சல் வரும். நேரம் இருக்கிறவர்கள் மீதெல்லாம் அப்போது எனக்கு ஒரு கோபம் இருந்தது. அவர்களில் முதல் ஆள் இவர்.

அந்தக் கோபம் வெடிப்பதற்கு ஒரு நாள் வந்தது. கல்வி அதிகாரி எங்கள் பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வருகிற நாள். நான் ஓடி வருகிறேன், கண்ணெதிரே கேட்டைச் சாத்துகிறார். கூட்ஸ் வந்தது, போனது. கேட் திறக்கவில்லை. எட்டிப் பார்த்தால் இவர் கேட் ரூம் படியில் உட்கார்ந்து, மடியில் துப்பட்டியை வைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் ஒரு வரிசையை ஓட்டிக்கொண்டிருக்கிறார். நான் கத்துகிறேன். "இதோ ஆச்சுங்க, முடிச்சு போட்டுட்டா ஆச்சு" என்கிறார். முடிச்சு போட்டு, நூலைப் பல்லால் கடித்து, துணியை உதறி மடித்து வைத்து, அதற்கப்புறம் வந்து சங்கிலியைக் கழற்றினார். நான் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது அதிகாரி என் வகுப்பில் உட்கார்ந்திருந்தார். "வாங்க டீச்சர், இப்பத்தான் விடிஞ்சுதா?" என்று ஹெட்மாஸ்டர் பிள்ளைகள் முன்னால் கேட்டார். நாற்பது பிள்ளைகளும் சிரித்தன.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பிராது எழுத உட்கார்ந்தேன். மூன்று தடவை அடித்துத் திருத்தி, நான்காவது தடவை நல்ல தாளில் முத்து முத்தாக எழுதினேன். என் கையெழுத்தைப் பற்றி எனக்கு எப்போதும் கர்வம் உண்டு. "மகா கனம் பொருந்திய ரயில்வே அதிகாரி அவர்கள் சமூகத்துக்கு" என்று ஆரம்பித்து, "மேற்படி கேட் கீப்பர் கடமை நேரத்தில் கந்தல் தைக்கும் தொழிலில் ஈடுபட்டு, பொதுமக்களின் பொன்னான நேரத்தை வீணடித்து வருகிறார்" என்று முதல் பக்கம் முடிந்தது. பின்பக்கத்தில், ரயில் சென்ற பின்னும் இரண்டு நிமிடம் கேட்டைத் திறக்கவில்லை என்று எழுதினேன். அதிகமாகத்தான் இருக்கும், ஆனால் நியாயமாக எழுதவேண்டும் என்று குறைத்துப் போட்டேன். கடைசியாக ஒரு வரி சேர்த்தேன். "ஊசியின் காது தெரியாத கண்ணுக்கு ரயில் எப்படித் தெரியும் என்பதைச் சமூகம் சிந்திக்க வேண்டுகிறோம்." எதுகை மோனை இல்லாவிட்டாலும் அந்த வரி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். இப்படிக்கு, பொதுமக்கள். பொதுமக்கள் என்றால் நான் ஒருத்திதான்.

தபாலில் போட்டதும் மனசு லேசாகிவிட்டது. மறுநாள் கேட்டில் நிற்கும்போது அவரைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. ஊசியை நீட்டினார். வாங்கிக் கோத்துக் கொடுத்தேன். அவர் மேல் பிராது எழுதிப் போட்ட திருப்தியில்தான் அவருக்கு முதல் ஊசி கோத்தேன் என்பதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

"வந்துருச்சு பாருங்க, நேரம்" என்று சிரித்தார்.

அதற்கப்புறம் தினம் ஒரு ஊசி. பிராதுக்குப் பதில் ஒன்றும் வரவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம் ஆனது. நான் அதை மறந்தே போனேன். ஒரு நாள் என் பையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"பையில சாக்பீஸ் இருக்குதில்லீங்க?"

"இருக்குது."

"உங்களுக்கு என்னா வரும்?"

ஏதோ ஒரு அசட்டுத் தைரியத்தில் படம் வரும் என்று சொல்லிவிட்டேன். உடனே ஒரு கறுப்புத் துணியைக் கேட் கம்பியின் மேல் விரித்தார். "பாசஞ்சர் வர ஒண்ணரை வரிசை இருக்குது. ஏதாச்சும் போடுங்க."

ஒரு கிளி போட்டேன். எட்டு வருஷத்துக்குப் பிறகு போட்ட கோடு. கழுத்து கோணிக்கொண்டு, பார்க்கக் கோழி மாதிரி இருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தூசி என்று சொன்னேன். அவர் கையை நீட்டித் துணியைத் தூரமாகப் பிடித்துப் பார்த்து, "கோழி நல்லா இருக்குதுங்க" என்றார்.

மறுநாள் கிளி கிளியாகவே வந்தது. சாக்பீஸ் கோட்டின் மேல் துணி வெட்டி வைத்துத் தைப்பதாக ஏற்பாடு. பச்சைத் துணி எடுக்கப் போனேன். தடுத்துவிட்டார். அவர் துப்பட்டியில் பச்சையும் சிவப்பும் மருந்துக்கும் கிடையாது. துவைத்தால் தண்டவாளத்து ஓரமாக வேலியில்தான் காயப்போட வேண்டும். சிவப்பைப் பார்த்து டிரைவர் ரயிலை நிறுத்திவிட்டால்? பச்சையைப் பார்த்து நிற்க வேண்டியவன் போய்விட்டால்? அதனால் நீலத் துணியை எடுத்துக் கொடுத்தார்.

"கிளி எங்கயாவது நீலமா இருக்குமாண்ணா?"

"ரயிலு ஒழுங்காப் போவணும்னா இருக்குங்க."

அந்த நீலக் கிளித் துப்பட்டி எங்கள் இரண்டு பேருடையதாக வளர ஆரம்பித்தது. காலையில் ஒரு கிளி, சாயங்காலம் ஒரு கிளி. கேட் திறந்திருக்கிற நாளில் எனக்கு ஏமாற்றமாக இருக்கும். அரசாங்க நேரத்தில் கந்தல் தைக்கிறார் என்று எழுதின நான், அரசாங்க சாக்பீஸில் கிளி போட்டுக்கொண்டிருந்தேன்.

பிராது போட்டுப் பத்து மாதம் கழித்து ஒரு காலையில் கேட் சாத்தியிருந்தது. நானும் புளி வண்டிக்காரரும் தயிர்க்கார அம்மாவும் நின்றிருந்தோம். இவர் ஊசியை நீட்டவில்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் கம்பி வழியாக என்னிடம் கொடுத்தார்.

"எம்மேல பிராது வந்திருக்குதாம் டீச்சரம்மா. நேத்து இன்ஸ்பெக்டர் வந்து குடுத்துட்டுப் போனாரு. வெள்ளிக்கிழமை விசாரணையாம். விளக்கம் எழுதி வெக்கணுமாம். என்னா எழுதியிருக்குதுன்னு எனக்குத் தெரியல. கண்டவங்ககிட்ட குடுத்துப் படிக்கச் சொல்ல மனசு வரல. நீங்கன்னா நம்ம ஆளு."

பிரித்தேன். என் முத்து முத்தான எழுத்து.

அவர் கேட் ரூம் வாசலுக்குப் போய்க் கொடியைக் கையில் எடுத்துக்கொண்டு, "படிங்க, கேக்குது" என்றார். படித்தேன். கந்தல் தைக்கும் தொழில், பொதுமக்களின் பொன்னான நேரம் எல்லாவற்றையும் படித்தேன். வண்டிக்காரர், "எந்தப் பொறுக்கி எழுதினான் இதை?" என்றார். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று பயம். இரண்டு நிமிடம் கேட்டைத் திறக்காததையும், ஊசியின் காது தெரியாத கண்ணையும் ஒரே மூச்சில் ஒப்பித்து முடித்தேன். தயிர்க்கார அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, எழுதினவன் கையில் புழு வைக்க என்று நெட்டி முறித்துச் சாபம் விட்டாள். கூடைக்கும் எனக்கும் நடுவே ஒரு அடி தூரம்கூட இல்லை.

"எழுத்து எப்படிங்க, நல்லா இருக்குதுங்களா?" என்று வாசலிலிருந்து கேட்டார்.

"இருக்குது."

"படிச்சவங்க யாரோ."

பாசஞ்சர் போயிற்று. மற்றவர்கள் போன பிறகு கிட்டே வந்தார். அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஊசி இல்லாத பாகைக்குக் கீழே முகம் சின்னதாக இருந்தது. "தைக்கறேன்னு எழுதினது பரவாயில்லீங்க. அந்தக் கண்ணு சமாச்சாரம்தான். கண்ணு டெஸ்டுக்கு அனுப்பிச்சாங்கன்னா கிட்ட வெச்சுப் படிக்கச் சொல்லுவாங்க. தேறலைன்னா கேட்டை விட்டு எடுத்துருவாங்க. கேட்டு போனா இந்த வூடும் போச்சு. இன்னும் நாலு வருசம் சர்வீஸ் இருக்குதுங்க. அவளையும் கூட்டிக்கிட்டு எங்க போவேன்?" அவர் மனைவி கேட் ரூமுக்குப் பின்னால் இருந்த அந்த ஒற்றை அறை வீட்டு வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்தான் எழுதினேன் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். "விளக்கம் நான் எழுதித் தர்றேண்ணா" என்றேன்.

வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. பிராதும் என் கையெழுத்து, விளக்கமும் என் கையெழுத்து. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால்கூடத் தெரிந்துவிடும். இடது கையால் எழுதிப் பார்த்தேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட அப்படி எழுதாது. வீட்டுக்காரரை எழுதச் சொல்லலாம், ஆனால் அவரிடம் கதையை ஆதியிலிருந்து சொல்ல வேண்டும். கடைசியில் பேனாவைத் திறந்து என் எழுத்திலேயே எழுதினேன். பிராது கோபத்தில் ஒரே ஒரு ஆள் எழுதியது என்றும், பொதுமக்களுக்கு இதில் சம்பந்தமில்லை என்றும், அந்த ஆள் இப்போது வருந்துவது எனக்கு நிச்சயமாகத் தெரியும் என்றும் எழுதினேன். கீழே சாட்சி என்று போட்டு, என் பெயரையும் உதவி ஆசிரியை என்பதையும் தெளிவாக எழுதினேன். என் வேலையே போனாலும் போகட்டும் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர், தண்டவாளத்தில் ஆட்கள் தள்ளிக்கொண்டு வருகிற டிராலியில் வந்து இறங்கினார். குண்டான மனிதர், அவருக்கும் ஐம்பதுக்குக் குறையாது. நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு நின்றேன். வண்டிக்காரரும் தயிர்க்கார அம்மாவும் வியாபாரத்தை விட்டுவிட்டு நின்றார்கள். இன்ஸ்பெக்டர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி நெற்றியில் ஏற்றிக்கொண்டார்.

"ரயில் போன பிறகும் ரெண்டு நிமிஷம் திறக்கலைன்னு எழுதியிருக்குதே?"

"அது தப்புங்க சார்" என்றார் இவர், நேராகப் பார்த்து. எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கடிதத்தில் நான் கொஞ்சமும் கூட்டாமல் எழுதியது அது ஒன்றுதான்.

"கண்ணு?"

"தூரத்துல இருக்கறதைக் கேளுங்க சார்."

"அதோ, சிக்னலுக்கு அந்தாண்ட என்னா இருக்குது?"

"நாலு எருமைங்க சார். ஒண்ணுக்குக் கொம்பு ஒடிஞ்சிருக்குது."

எங்கள் யார் கண்ணுக்கும் எருமையே தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் டிராலி ஆள் ஒருவனை ஓடிப் பார்த்துவரச் சொன்னார். அவன் இரைக்க இரைக்கத் திரும்பி வந்து, "ஒடிஞ்சுதான் சார் இருக்குது" என்றான்.

"சரி. இதைக் கோத்துக் காட்டு பார்க்கலாம்." கேட் ரூமில் தொங்கிய அவருடைய தையல் பையிலிருந்து ஓர் ஊசியையும் நூலையும் எடுத்து நீட்டினார்.

இவர் வாங்கினார். கையை நீட்டிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார். நூலை எச்சில் தொட்டு முறுக்கினார். அவர் கடைசியில் ஊசியை இறக்கிவிட்டு, "முடியலீங்க சார்" என்றார்.

"என்னய்யா இது, இவ்வளவு பெரிய காது!" என்று இன்ஸ்பெக்டர் ஊசியைப் பிடுங்கினார். நெற்றியில் இருந்த கண்ணாடியை மறந்துவிட்டார். நூல் ஊசிக்கு இந்தப் பக்கம் போயிற்று, அந்தப் பக்கம் போயிற்று. மூன்று தடவை ஆனது. நெற்றியில் வியர்வை வந்தது. தயிர்க்கார அம்மாதான், "சாமி, குடுங்க, நான் கோக்கறேன்" என்றாள். இன்ஸ்பெக்டர் ஊசியை அவளிடம் கொடுத்துவிட்டு, நோட்டைத் திறந்து எழுதினார். பார்வை சரியாக இருக்கிறது என்று எழுதியதைப் பிறகு வாய்விட்டும் படித்தார்.

"இனிமே ட்யூட்டில நீ ஊசி தொடக் கூடாது. தொட்டேன்னு கேள்விப்பட்டேன், நேரா டெஸ்டுதான்." டிராலியில் ஏறுவதற்கு முன் என் பக்கம் வந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னார். "உங்க எழுத்து ரொம்ப அழகு டீச்சர். ரெண்டு கடுதாசிலயும்."

இவர் கேட்டைத் திறந்துகொண்டிருந்தார். காதில் விழவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கேட் கீப்பர் ஊசி தொடக் கூடாது என்றுதான் உத்தரவு. கேட்டில் நிற்கிறவர்கள் தொடக் கூடாது என்று இல்லை. திங்கட்கிழமையே பை கேட் ரூமிலிருந்து வெளியே வந்து, சாலையோரத்து வேப்பமரத்தில் தொங்கியது. அதற்கப்புறம் நாங்கள் தைத்தோம். இவர் கொடியைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் நின்று திட்டினார். "வண்டிக்காரரே, அது தையலா, மாட்டுக்குப் போட்ட மூக்கணாங்கயிறா?" "டீச்சரம்மா, கோடு போடற கையா அது? பிரிங்க, பிரிங்க." தூரப் பார்வை அவ்வளவு நன்றாக இருந்ததற்காக நாங்கள் முதல்முறையாக வருத்தப்பட்டோம். வருகிறவர் போகிறவர் எல்லாம் தைத்ததில் நீலக் கிளித் துப்பட்டி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, ஒரு பக்கம் சுருங்கிக்கொண்டு வளர்ந்தது.

நான்தான் எழுதினேன் என்று அவரிடம் சொல்ல வேண்டும் என்று தினமும் நினைப்பேன். நாளைக்குச் சொல்லலாம் என்பேன். கேட் சாத்தினால் சுற்றி ஆள் இருக்கிறது, திறந்தால் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது. இப்படியே நாலு வருஷம் போயிற்று. கிளி போட நேரம் கிடைத்தது. இதற்குக் கிடைக்கவில்லை.

அவர் ரிட்டயர் ஆகிற அன்று சாயங்காலம், இனிமேல் நாளை என்று ஒன்று இல்லை என்பதால், சீக்கிரமே கிளம்பி வந்தேன். கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தார். நல்லவேளையாக வேறு யாருமில்லை. வேப்பமரத்துப் பையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். உள்ளே துப்பட்டி மடித்திருந்தது. மூன்று ஓரம் தைத்து முடிந்திருந்தது. நாலாவது ஓரம் பாதியில் நின்றது, அங்கே நூலோடு ஊசி குத்தியிருந்தது.

"முடிச்சுக் குடுத்தா பெட்டியில வெச்சுப் பூட்டிருவீங்க. அதான் பாக்கி வெச்சேன்."

"அண்ணா, அந்தக் கடுதாசி..." என்று ஆரம்பித்தேன்.

"கூட்ஸு வருதுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்க் கொடியை நீட்டி நின்றார். அவருடைய கடைசி ரயில். நீளமான கூட்ஸ், போகிறது போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு கை காட்டிவிட்டுப் போனார். கொடியைச் சுருட்டிக்கொண்டு என் பக்கம் வந்தார்.

"அன்னிக்கு நீங்க அதைப் படிச்சீங்கல்ல, பின்பக்கம் வந்தப்ப பேப்பரைத் திருப்பவே இல்லீங்க. அப்படியே சொன்னீங்க."

"உங்களுக்குத்தான் கண்ணு தெரியாதே" என்றேன். நாலு வருஷம் சேர்த்து வைத்ததில் அதுதான் வாயில் வந்தது.

"கிட்டத்துல இருக்கறதுதான் தெரியாது. நீங்க பத்தடி தள்ளி நின்னீங்க."

"அப்பவே ஏண்ணா கேக்கலை?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்தேன். உங்களுக்குத்தான் நேரமே கிடைக்கலியே."

சிரித்தார். நான் அழுதுகொண்டிருந்தேன். மன்னிச்சுக்குங்கண்ணா என்று நான் சொன்னது அவருக்குக் கேட்டதோ இல்லையோ, குனிந்து கேட்டின் சங்கிலியைக் கழற்றினார். பாதி திறந்தவர் ஏதோ ஞாபகம் வந்தவர்போல நின்றார்.

"ஆனா ஒண்ணுங்க டீச்சரம்மா. அதுல ரெண்டு நிமிஷம்னு போட்டிருந்தீங்க. தப்பு. அன்னிக்கு நாலு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுக் கேட்டை முழுதாகத் திறந்துவிட்டார்.